சிஸ்டரைத் தெய்வமாக்கிவிடாதீர்கள்

அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். மருத்துவமனையில் இருந்த 12 நாளும் காலையில் கட்டுப் பிரித்தவர் ஒரு கன்னியாஸ்திரி. துணி புண்ணோடு ஒட்டியிருந்தால் இழுக்க மாட்டார். சலைன் ஊற்றி ஊறவிட்டு, அப்பாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓரத்திலிருந்து மெல்ல எடுப்பார். அப்புறம் குனிந்து மோந்து பார்ப்பார். முதல் நாள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "வாடையை வெச்சே பாதி தெரிஞ்சிரும் தம்பி" என்றார். நான்காம் நாள் மோந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் போய் டாக்டரைக் கூட்டிவந்தார். அன்றே மறுபடி கீறிச் சுத்தம் செய்தார்கள். கால் தப்பியது.

வீட்டில் இதைச் சொன்னால் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: "தெய்வப் பிறவி." எனக்கு உறுத்துவது அதுதான். டாக்டர் செய்தால் திறமை, சிஸ்டர் செய்தால் தியாகமா?

இந்த வேலையைச் செய்யக் கன்னியாஸ்திரிகள் முதலில் மல்லுக்கட்டியது சொந்தத் திருச்சபையோடு. துறவறம் பூண்ட பெண் மடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், 1633-ல், பாதிரியார் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தெ மரியாக் என்ற பெண்மணியும் பாரிஸில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அந்தப் பெண்கள் நோயாளிகளின் வீடு தேடிப் போனார்கள், தங்களைக் கன்னியர் என்று சொல்லிக்கொள்ளாமலேயே. சொல்லியிருந்தால் உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்கள்!

மருத்துவத்தில் இன்னும் மோசம். பிரசவம் பார்ப்பது கன்னியருக்குத் தகாது என்று வெகுகாலம் தடை. ஆஸ்திரியாவில் பிறந்த டாக்டர் அன்னா டெங்கல் ராவல்பிண்டியில் வேலை பார்த்தவர். ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் பெண்கள் செத்துப்போவதைக் கண்ணால் கண்டவர். 1925-ல் மருத்துவத்துக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். ரோம் முழுதாக வழிவிட்டது 1936-ல்தான். அதற்கு முன்பே 1920-ல் குண்டூருக்கு வந்து, கன்னியாஸ்திரியாகி, போப்பின் சிறப்பு அனுமதியோடு வைத்தியம் பார்த்தவர் ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி. இவர்கள் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் இல்லை, கேட்டுக்கேட்டு வாங்கியவர்கள்.

ரூத் ஃபாவ் இன்னொருவர். இந்தியாவுக்குக் கிளம்பிய ஜெர்மானிய டாக்டர், விசா சிக்கலில் 1960-ல் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே தொழுநோயாளிகளின் குடியிருப்பைப் பார்த்தார், ஊர் திரும்பவில்லை. 2017-ல் அவர் இறந்தபோது பாகிஸ்தான் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. கருணை மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது. நாடு முழுக்க ஆட்களைப் பயிற்றுவித்து, நோயாளிகளைத் தேடிப் பிடித்து, மருந்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்ட நிர்வாகம் அது.

தியாகம் என்ற சொல்லில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சம்பளம் பற்றிப் பேச வேண்டாம். ஆயர்கள் (பிஷப்புகள்), அவர்களுக்கும் மேலான கர்தினால்கள் வீட்டில் சமைத்துத் துவைத்துப் பரிமாறும் கன்னியருக்குச் சொற்பக் காசு, சில இடங்களில் அதுவும் இல்லை என்று 2018 மார்ச்சில் எழுதியது வெளியார் யாருமில்லை, வத்திக்கான் நாளிதழோடு வரும் பெண்கள் இதழ்தான். ஏழையாகவே வாழ்வோம் என்று அவர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தது சரி, அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவவா கொடுத்தார்கள்?

நானும் யோக்கியன் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் எங்கே படித்தீர்கள் என்று விசாரித்து, நம்பர் வாங்கி, நன்றிக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டரிடம் "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்" என்றேன். ஆறாத புண்களைப் பார்ப்பதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவர் அவர் என்பது, அடுத்த முறை செக்கப்புக்குப் போனபோது அப்பா சொல்லித்தான் தெரியும்.