கருவிகள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஆசிரியர்களுக்குச் சிறு ஆய்வு நிதி தருவதாக அறிவித்தார்கள். ஆசையாக விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே 'வாங்கவிருக்கும் கருவிகள்' என்று பெரிய அட்டவணை. அதற்குக் கீழே, 'காப்புரிமை பெற வாய்ப்பு உண்டா?' அப்புறம், 'பயன்பெறும் தொழில்துறை எது?'

என் ஆய்வு பழைய கடிதங்களைப் பற்றியது. மனிதர்கள் எழுத்தில் எப்படி மன்னிப்புக் கேட்டார்கள், அந்தச் சொற்கள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறின என்று பார்க்க நினைத்தேன். ரொம்ப யோசித்துவிட்டு, கருவிகள் கட்டத்தில் 'பென்சில்' என்று எழுதினேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சத்தியமாகக் கிண்டல் இல்லை. ஆவணக் காப்பகங்களின் வாசிப்பறையில் பேனாவை உள்ளே விடமாட்டார்கள். மை பட்டுவிட்டால் நூறு வருடக் காகிதம் போச்சு. பென்சில்தான் அங்கே கருவி.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆய்வு என்றதும் அவர்கள் மனதில் ஒரு ஆய்வுக்கூடம் வருகிறது. இயந்திரம், உதவியாளர், வேதிப்பொருள் எல்லாம் வருகின்றன. வரலாறு, இலக்கியம், தத்துவம், மொழியியல், நாடகம், ஓவியம் நடத்துகிற கல்லூரிக்கும் அதே சட்டையைப் போட்டுப் பார்க்கிறார்கள். பொருந்தவில்லை. பொருந்தாதது சட்டையின் குறை என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அதுதான் பிரச்சினை.

கலைத்துறை ஆசிரியருக்குப் பெரும்பாலும் வேண்டியது நேரம். பணமும் வேண்டும், ஆனால் அது இரண்டாவது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஆலிஸ் கோபர் ஞாபகம் வந்துவிடும். நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் நடத்தியவர். 1900-ல் கிரீட் தீவின் நாசஸில் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் இருந்த 'லீனியர் பி' எழுத்து அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. எழுத்தும் தெரியாது, அது எந்த மொழி என்றும் தெரியாது. பார்த்துப் படிக்க வெளியாகியிருந்த பலகைகளே 200-க்கும் குறைவு. பகலெல்லாம் முழு வகுப்புச் சுமை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை பிரெயிலில் மாற்றிக்கொடுக்கும் வேலையையும் தானே எடுத்துச் செய்தார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இந்த எழுத்தோடு மல்லுக்கட்டுவார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. வாழ்த்து அட்டைகளின் பின்பக்கம், தேவாலயச் சுற்றறிக்கைகள், நூலகச் சீட்டுகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே அளவில் வெட்டிக் குறிப்பட்டை ஆக்கினார். மொத்தம் சுமார் 1,80,000 அட்டைகள். அவற்றை அடுக்கி வைத்தது காலி சிகரெட் பெட்டிகளில். நிறையப் புகைப்பவர் என்பதால் அதற்கு மட்டும் தட்டுப்பாடு இருந்திருக்காது.

அவர் கண்டுபிடித்தது என்ன என்பதைத் தமிழில் சொன்னால் சட்டென்று புரியும். தமிழே தெரியாத ஒருவர் கையில் 'கண்ணை, கண்ணால், கண்ணில்' என்ற மூன்று சொற்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் ஒன்றுதான். ஓர் இடத்தில் மட்டும் ணை, ணா, ணி என்று எழுத்து மாறுகிறது. சொல் ஒன்றுதான், வேற்றுமைதான் மாறுகிறது என்று ஊகித்துவிட்டால், மாறும் எழுத்துகளில் மெய் ஒன்று, உயிர் மட்டும் வேறு என்பதும் தெரிந்துவிடும். ஓர் எழுத்தின் ஒலியைக்கூட அறியாமல் எந்தெந்த எழுத்துகள் உறவு என்று சொல்லிவிடலாம். கோபர் லீனியர் பி-யில் செய்தது இதைத்தான். 1952-ல் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்து, மொழி பழைய கிரேக்கம் என்று அறிவித்தபோது அவருக்குக் கைகொடுத்த வழிமுறை இது.

கோபரால் அந்த அறிவிப்பைக் கேட்க முடியவில்லை. 1950 மே மாதம், 43 வயதில் இறந்துபோயிருந்தார். அத்தனை வருட உழைப்பில் வகுப்புச் சுமை இல்லாமல் இந்த வேலையிலேயே இருக்க அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வருடம், 1946-ல் கிடைத்த குகன்ஹைம் அறக்கட்டளை நல்கையால். இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருந்தால் அவரே படித்திருப்பாரா என்று நான் சொல்ல வரவில்லை, அதை யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்பது வேறு. இன்றைய ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தை அவர் நிரப்பினால் எத்தனை மதிப்பெண் வரும்? அவர் பெயர் சொல்லும் கட்டுரைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த 1,80,000 அட்டைகளை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பணத்துக்கு வருகிறேன். கலைத்துறைக்குத் தேவைப்படும் தொகை பெரும்பாலும் சங்கடப்படும் அளவுக்குச் சின்னது. காப்பகத்துக்குப் போய்வரச் செலவு, பத்து நாள் தங்க இடம். புத்தகத்தில் ஒரு பழைய புகைப்படத்தைப் போட உரிமைக் கட்டணம். சொல்லடைவு தயாரிக்கக் கூலி. தெரியாத மொழியில் இருக்கும் பத்துப் பக்கத்தைப் பெயர்த்துத் தர ஒருவர். இந்தச் சில்லறைகள் இல்லாமல் நின்றுபோன புத்தகங்களை எனக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், பெரிய தொகைக்குத் திட்டங்கள் உண்டு, சின்னத் தொகைக்குத்தான் இல்லை. இருந்தாலும் ரசீது கேட்டுக் கேட்டு, ஆய்வுக்கு ஆன நேரத்தைவிடக் கணக்கு ஒப்படைக்க ஆன நேரம் அதிகமாகிவிடும்.

படைப்பு வேலை செய்பவர்கள் பாடு இன்னும் மோசம். நாடகம் நடத்தும் தோழி ஒருத்தி, 14 மாதம் ஒத்திகை பார்த்து ஒரு நாடகம் போட்டாள். மூன்று மாலைகள் அரங்கம் நிறைந்தது. மதிப்பீட்டுக் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி, "இது எந்த ஆய்விதழில் வந்தது?" கடைசியில் ஒரு நல்லவர் யோசனை சொன்னார், அந்த நாடகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டுவிடச் சொல்லி. எழுதினாள். கட்டுரைக்கு மதிப்பெண் வந்தது, நாடகத்துக்குப் பூஜ்யம். அவள் உண்மையில் கேட்டது என்ன தெரியுமா? மாலை ஐந்து மணிக்கு மேல் அரங்கின் சாவி. அதற்கு மூன்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் கவிதை, கதை போன்ற படைப்புகளையே உயர்பட்டத்துக்கான ஆய்வேடாக ஏற்கலாம் என்று 1922-லேயே முடிவு செய்தது. அதை அறிவித்த கார்ல் சீஷோர் ஓர் உளவியல் அறிவியலாளர், கவிஞர் அல்ல. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளக்கும் மதிப்பீட்டில் நிகழ்த்துகலையும் கண்காட்சியும் இசையமைப்பும் கணக்கில் வருகின்றன. துறை தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்த்து மதிப்பிடுகிறார்கள். நாம் மட்டும் கட்டுரைகளை எண்ணிக்கொண்டிருப்பதை எப்போது விடப்போகிறோம்?

நம் ஆட்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். நிதி கேட்கப் போகும்போதெல்லாம் 'கலைப் படிப்பும் தொழில்நுட்பத்துக்கு உதவும்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கு நாம் காட்டும் உதாரணம் இது: 1854-ல் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் எழுதிய தர்க்கத்தை, பொறியாளர் கிளாட் ஷானன் ஒரு தத்துவ வகுப்பில் படித்தார். 1937-ல் அதை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். கணினிக்கு அது அடிப்படை ஆனது. கதை உண்மைதான், நானே மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் இதைக் காட்டி நிதி கேட்டால், அடுத்த வருடம் "உங்கள் ஷானன் எங்கே?" என்று கேட்பார்கள். லீனியர் பி பலகைகளில் இருந்தது ஆட்டுக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும். அதனால் எந்தத் தொழில்துறையும் பயன்பெறவில்லை. மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கணக்குப்பிள்ளையின் குரல் நமக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது போதும். நிதி தரும் குழுவில் இருப்பவர்களுக்குப் போதுமா என்று கேட்டுப் பார்க்கும் தைரியமாவது நமக்கு வேண்டும்.

ஆய்வுக்கென்று விடுப்பு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களைத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பயந்து மற்ற எல்லோருடைய நேரத்தையும் பூட்டி வைக்க வேண்டுமா? ஒரு பருவத்துக்கு இரண்டு வகுப்பு குறைத்துக் கொடுங்கள். முடிவில், செய்ததைச் சக ஆசிரியர்கள் முன் ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் முன் வெறுங்கையோடு நிற்க யாரும் விரும்பமாட்டார்கள்.

என் கடிதங்கள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? நிதி வரவில்லை. விடுமுறையில் கைக்காசு போட்டுக் காப்பகத்துக்குப் போனேன். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் தருவார்கள்; ஒன்றைத் திருப்பிக் கொடுத்து அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு நாளில் 11 பெட்டி பார்த்தேன். இன்னும் 60-க்கு மேல் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் விடைத்தாள் திருத்தும் வேலை போட்டிருக்கிறார்கள்.