நோவா எடுத்தா கிக்கா?

நேத்து ராத்திரி கவுன்டர் ஸ்ட்ரைக் மேட்ச்ல நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஸ்கிரீன்ஷாட் வேற சுத்திக்கிட்டிருக்கு. நோவாங்கிற ஷாட்கன் வாங்கினேன், படிக்கட்டு மூலையில நின்னேன், வந்தவங்களைச் சுட்டேன். மூணாவது ரவுண்டு முடியறதுக்குள்ள ஓட்டு போட்டு என்னை மேட்ச்ல இருந்தே தூக்கிட்டாங்க, கிக். "ஒழுங்கான துப்பாக்கி எடுத்து ஆடத் தெரியாதவங்களுக்கு இங்க வேலையில்ல"ன்னு வாய்ஸ் சாட்ல தீர்ப்பு.

அந்த நோவாவை நான் வீட்டுலருந்தா எடுத்துட்டு வந்தேன்? கேம்ல துப்பாக்கி வாங்கற பை மெனுவுல இருக்கு. கேம் காசு 1050 டாலர் கொடுத்து வாங்கினேன். கேம்ல இருக்கிற துப்பாக்கிய எடுத்துச் சுடறது தப்பில்ல.

"ஒரே குண்டுல ஆள் காலி, இதுல என்ன திறமை"ங்கிறாங்க. 4750 போட்டு ஏடபிள்யூபி ஸ்நைப்பர் வாங்கி, மேப்போட அந்தக் கோடியிலருந்து நெஞ்சுல ஒண்ணு வெச்சா அது மட்டும் கலை, கிளிப் வெட்டி ஷேர் பண்ணுவீங்க. அதுவும் ஒரே குண்டுதானே சாமி? நோவால ஒருத்தரைச் சாய்ச்சா 900 டாலர் கிடைக்குது, ஏடபிள்யூபில 100தான். தூரம் கூடினா நோவா குண்டு கொசுக்கடி. கிட்டப் போய்த்தான் ஆகணும், போற வழியிலயே பாதி நேரம் செத்துருவோம். அந்த ரிஸ்க்குக்குத்தான் அந்தக் காசு.

எல்லாரும் மூலையில உட்கார்ந்தா மேட்ச் நாறிடும்னு ஒருத்தர் நிதானமா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதிலும் சின்னதுதான், மொலட்டோவ், அதான் தீக்குண்டு, போடுங்க. அதே மூலையில அத்தனை நேரம் நின்னேன், கண்ணைக் கூசவைக்கிற ஃபிளாஷ் குண்டு ஒண்ணு கூட வரல. அதைக் கேட்க ஆளில்ல, என்னைத் தூக்க மட்டும் ஓட்டு போட ஆளிருக்கு.

இதைக்கூட விட்டுருவேன். "அவர் கன் கேம் ஆளுப்பா, விடு"ன்னு ஒரு இளக்காரம் வந்துச்சு பாருங்க, அதுதான் தூங்க விடல.

ஆமா, கன் கேம் ஆளுதான், ஆளைச் சாய்க்கச் சாய்க்க கையில துப்பாக்கி மாறிக்கிட்டே போற சைடு மோட் அது. ஏய்ம் சுமார்தான் எனக்கு, ரேங்க் மேட்ச்ல எப்பவும் ஏகே, எம்4 ரைஃபிள் மட்டும் எடுத்துக்கிட்டிருந்தா மத்த துப்பாக்கி எப்படி உதைக்கும்னே தெரிஞ்சிருக்காது. கவுன்டர் ஸ்ட்ரைக்ல கன் கேமுக்குப் பேர் ஆர்ம்ஸ் ரேஸ், அதுல கடைசி லெவல் தங்கக் கத்தி. எதிர்ல எல்லார் கையிலயும் துப்பாக்கி. காலடி சத்தம் வராம நடந்து, சுவரோட ஒட்டி நின்னு, அந்தப் பக்கம் ஒருத்தர் மேகசின் கழட்டற சத்தம் கேட்டதும் பாயணும். அந்த ஒரு நொடிக்கு உங்க ரேங்க் பேட்ஜ் அத்தனையும் கொடுத்தாலும் மாத்திக்க மாட்டேன். 2023 செப்டம்பர்ல கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தப்போ ஆர்ம்ஸ் ரேஸையே காணோம், அடுத்த பிப்ரவரியிலதான் திரும்பி வந்துச்சு. உங்கள்ல எத்தனை பேர் அதைக் கவனிச்சீங்க?

சைடு மோட்னா அவ்வளவு கேவலமா? கவுன்டர் ஸ்ட்ரைக்கே 1999ல ஹாஃப் லைஃப்ங்கிற கேமை ரசிகர்கள் மாத்திச் செஞ்ச வடிவம்தான். கால் ஆஃப் டூட்டி ஜாம்பீஸ், 2008ல கதையை முடிச்சவங்களுக்குக் கொசுறா வந்தது. ஃபோர்ட்நைட்ல பேட்டில் ராயல் பின்னால சேர்த்ததுதான், இன்னைக்கு அந்த மூல கேமோட பேரைக் கேட்டா பாதி பேர் முழிப்பீங்க. அந்தக் காலத்துல நீங்க இருந்திருந்தா அவங்களையும் கிக் பண்ணியிருப்பீங்க.

"ஒரு கேமுக்கு எதுக்கு இவ்ளோ நீளமா"ன்னு கமென்ட் வரும். ஒரு கேமுக்கு எதுக்குங்க கிக்? கேம்ல இருக்கிற துப்பாக்கிய எடுத்துச் சுட்டேன், அவ்வளவுதான்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஹாஹா போட்டவங்க லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முகம் தெரியாதவங்க போட்டதைப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா ஏகே உதைக்கறது பிடிபடலண்ணேன்னு வந்து, விடிய விடிய என்கூட டெத்மேட்ச்ல சுவத்தைச் சுட்டுப் பழகின தம்பி, உனக்கும் அந்த பட்டன்ல விரல் போச்சா?