வாக்கர் என்பது துணி மிதித்தவன் பெயர்

அந்தக் கேடயப் படம் போட்ட 'வாக்கர் வம்சம்' பதிவை இன்னும் பகிர்ந்துகொண்டேதான் இருக்கிறீர்கள். அரசனின் காட்டில் ரோந்து நடந்த வீரப் பரம்பரையாம். தப்பு என்று சொன்னால், "உனக்கென்ன வந்தது?" என்கிறார்கள். எனக்கு வலிக்கிறது. வாக்கர் (Walker) என்ற ஆங்கிலேயக் குடும்பப் பெயர், தொட்டியில் நின்று துணி மேல் நடந்து (walk) மிதித்த தொழிலாளியின் பெயர்.

என்ன வேலை என்று கேளுங்கள். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் போகாது. தொட்டியில் போட்டு, நாள்பட வைத்துப் புளித்த மூத்திரத்தை ஊற்றுவார்கள். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை அறுக்கும். பிறகு மணிக்கணக்கில் மிதி. ஈரமும் மிதியும் சேர்ந்தால்தான் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும். நடுநடுவே எடுத்து மடிப்பை மாற்றிப் போட வேண்டும். மாற்றாவிட்டால் மடிந்த இடத்தில் சுருக்கம் நிரந்தரமாக விழுந்துவிடும். அளவுக்கு மீறி மிதித்தால் அட்டை மாதிரி விறைக்கும். மீதிப் பிசுக்கை உறிஞ்ச ஒருவகைக் களிமண் (நீங்கள் முகத்தில் பூசும் முல்தானி மெட்டி அதே வகைதான்). நன்றாக அலசி, மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைக்காவிட்டால் அகலம் கோணிப்போகும். இவ்வளவையும் செய்தவன்தான் வாக்கர்.

"காட்டு ரோந்துக்காரனையும் வாக்கர் என்றார்களே?" என்று கேட்கிறீர்கள், சரிதான். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். இதே வேலைக்காரனுக்கு இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். மூன்று குடும்பப் பெயர்களும் அந்தந்த வட்டாரத்தில்தான் குவிந்திருக்கின்றன. ரோந்துக்காரனை வைத்து இதை எப்படி விளக்குவீர்கள்?

12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நீரால் ஓடும் ஆலைகள் வந்து மரச் சம்மட்டிகள் துணியை அடிக்க ஆரம்பித்துவிட்டன. கால் ஓய்ந்தது, பெயர் ஓயவில்லை. வடக்கே ஆலைக்கும் 'வாக் மில்' என்றுதான் பெயர்.

அப்புறம் அந்தக் கேடயம். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் தனி ஒருவருக்குக் கொடுக்கப்படுவது. அவருடைய நேர் வாரிசுகளுக்கு மட்டுமே போகும். ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னமே கிடையாது. ஊருக்கு ஊர் துணி மிதித்தவர்கள் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் உறவே இல்லாமல். எல்லா வாக்கருக்கும் ஒரே வம்சம் எங்கிருந்து வரும்? வேர் தேட வேண்டுமானால் 1538-இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளில், அந்தக் குடும்பம் இருந்த ஊரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அந்தப் படத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.