ஜெயித்தவனை ஜெயித்தான் என்று சொல்ல என்ன கஷ்டம்?

2024-25-ல் லிவர்பூலுக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் டைட்டிலை எடுத்துக் கொடுத்த கால்பந்து மேனேஜர் ஆர்னே ஸ்லாட் பெயரை எடுத்தாலே போதும், எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் தயாராக இருப்பான். “மச்சான், 2025-ல ஜெயிச்சது க்ளாப் டீம்டா. அவர் சமைச்சு வெச்சுட்டுப் போனாரு, இவர் வந்து பரிமாறினாரு. அவ்வளவுதான்.” ஸ்லாட்டுக்கு முன்னால் மேனேஜராக இருந்த யூர்கன் க்ளாப்பைத்தான் சொல்கிறான். கீழே நாலு பேர் கைதட்டி எமோஜி போடுவார்கள். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் இதே பேச்சு. அதிலும் 2025 செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து லீக்கில் வரிசையாக நாலு ஆட்டம் தோற்றார்களே, அப்போது இவர்களுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! லிவர்பூல் எப்போது விழும் என்று காத்திருந்ததுபோல ஓடி வந்தார்கள். “பார்த்தியா, நான்தான் சொன்னேன்ல?”

என்னத்தைச் சொன்னீர்கள்? அடுத்த சீசனில் தோற்றால் முந்தின சீசனில் ஜெயித்தது இல்லாமல் போய்விடுமா? இது எந்த ஊர் நியாயம்?

சரி, க்ளாப் டீம் என்றே வைத்துக்கொள்வோம். க்ளாப்பின் கடைசி சீசனான 2023-24-ல் அந்த டீம் எத்தனையாவது இடம்? மூன்றாவது. 38 ஆட்டத்தில் 82 புள்ளி. 2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? ஆன்ஃபீல்டில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், அட்டலாண்டாவிடம் 0-3. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸிடம் 0-1. அப்புறம் குடிசன் பார்க் போய் எவர்ட்டனிடம் 0-2. டைட்டில் கனவு அங்கேயே முடிந்தது. அதே ஆட்களை வைத்துக்கொண்டு ஸ்லாட் 82 புள்ளியை எடுக்க எத்தனை ஆட்டம் ஆனது தெரியுமா? 34. நாலு ஆட்டம் மீதம் இருக்கும்போதே டைட்டில் உறுதி. அதே டீம், அதே புள்ளி, நாலு ஆட்டம் முன்னாடியே! சமைத்து வைத்ததை வெறுமனே பரிமாறினால் இப்படித்தான் நடக்குமா?

புது ஆட்களாவது வாங்கிக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2024 கோடையில் ஸ்பெயின் மிட்ஃபீல்டர் மார்ட்டின் சுபிமெண்டியைக் கேட்டார்கள். அவர் ரியல் சோசியேடாடிலேயே இருந்துகொள்கிறேன் என்றுவிட்டார். கோல்கீப்பர் மமர்தஷ்விலியை வாங்கி, அந்த சீசன் முழுக்க வாலென்சியாவிலேயே ஆடவிட்டார்கள். கையில் வந்து சேர்ந்த ஒரே ஆள் ஃபெடரிகோ கியேசா. அவரும் லீக்கில் பெரிதாக ஆடவில்லை. சலா, வான் டைக், டிரென்ட் மூன்று பேருடைய ஒப்பந்தமும் அந்த சீசனோடு முடிகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பத்திரிகைக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான். டீமின் மூன்று தூண்கள் அடுத்த வருஷம் இருப்பார்களா என்றே தெரியாமல் ஒரு மேனேஜர் ஒன்பது மாதம் டிரெஸ்ஸிங் ரூமைக் கட்டிக் காத்திருக்கிறார். இதற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல இவர்களுக்கு வாய் வரவில்லை.

ரயன் கிராவன்பெர்க்கைப் பற்றிப் பேசுவோமா? க்ளாப்பின் கடைசி வருஷத்தில் பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். அவன் டிஃபன்ஸுக்கு முன்னால் ஆறாம் நம்பர் இடத்தில் ஆடுவான் என்று இந்த குரூப்பில் ஒருத்தனாவது சொன்னானா? ஸ்லாட்தான் அங்கே நிறுத்தினார். அந்த சீசன் ஆட்டம் எதையாவது எடுத்து மறுபடி பாருங்கள். வான் டைக்கிடமிருந்து பந்து வருகிறது. கிராவன்பெர்க்கின் முதுகை ஒட்டி எதிராளி நிற்கிறான். பந்தை நிறுத்த மாட்டான். காலைத் தூக்கி, உடம்புக்குக் குறுக்கே பந்தை ஓடவிட்டு, தோளைச் சாய்த்து ஒரு திரும்பல். முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தவன் பின்னால் நிற்பான், முன்னால் முப்பது கஜம் திறந்து கிடக்கும். அந்த ஒரு அசைவில், பந்தைப் பறிக்க எதிரணி கொடுத்த நெருக்கடி மொத்தமும் காலி. சீசன் முழுக்க இதைச் செய்துவிட்டு பிரீமியர் லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதையும் வாங்கினான். இது யார் சமையல்? சொல்லுங்கள், யார் சமையல்?

முதல் லீக் ஆட்டத்திலேயே அந்த மனுஷன் யார் என்று தெரிந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 17, இப்ஸ்விச். ஹாஃப் டைமில் 0-0. புது மேனேஜர், முதல் ஆட்டம், யாரையும் நோகடிக்காமல் இருக்கத்தான் எவனும் பார்ப்பான். ஸ்லாட் டிஃபன்ஸில் குவான்சாவை வெளியே எடுத்துவிட்டு கொனாட்டேயை இறக்கினார். பந்துக்கான மோதலில் தோற்றுக்கொண்டே இருக்கிறோம், அது எனக்கு ஆகாது என்று வெளிப்படையாகவே சொன்னார். இரண்டாவது பாதியில் ஜோட்டா ஒன்று, சலா ஒன்று, 2-0. அடுத்த சில வாரங்களில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் 3-0. செப்டம்பர் 14-ல் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டிடம் தோற்றபின், அடுத்த ஏப்ரலில் ஃபுல்ஹம் போய் விழும் வரைக்கும், லீக்கில் 26 ஆட்டம் தோல்வியே இல்லை. நவம்பர் தொடக்கத்தில் டேபிளில் முதலிடத்துக்குப் போனவர்கள் அப்புறம் இறங்கவே இல்லை.

இதைச் சொன்னால் அடுத்த பல்லவி ரெடி. “அந்த வருஷம் மத்தவங்க எல்லாம் சொதப்பினாங்கடா. சிட்டியோட ரோட்ரிக்கு முட்டி போச்சு, ஆர்சனலுக்கு ஸ்ட்ரைக்கரே இல்ல.” கேட்கக் கேட்க எனக்குக் கொதிக்கிறது. மான்செஸ்டர் சிட்டி சொதப்பியது யாரிடம்? ஆன்ஃபீல்டில் 2-0, அவர்களுடைய எத்திஹாடில் 2-0, இரண்டு தடவையும் லிவர்பூலிடம். நமக்கு மட்டும் காயமே இல்லையா? முதல் கீப்பர் அலிசன் பல வாரம் வெளியே, பதிலுக்கு நின்றவர் கெல்லஹர். அந்தக் கெல்லஹர் நிற்கும்போதுதான் ரியல் மாட்ரிட் ஆன்ஃபீல்டுக்கு வந்தது. எம்பாப்பே அடித்த பெனால்ட்டியைத் தடுத்தார், 2-0 ஜெயித்தோம். அந்த ஆட்டத்தின் கடைசியில் கொனாட்டே அடிபட்டுப் போனார். நம் ஆள் இல்லாமல் ஜெயித்தால் அது கணக்கில் வராது. அவன் ஆள் இல்லாமல் தோற்றால் மட்டும் அதுவே காரணம். ஆகாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம்.

பெரிய மேனேஜர் கட்டிய டீமை வாங்கி நடத்துவது அத்தனை லேசான வேலை என்றால் டேவிட் மோயஸ் என்ன ஆனார்? 2013-ல் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசன் சாம்பியன் டீமைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். 89 புள்ளி எடுத்த டீம். பத்து மாதத்தில் மோயஸுக்கு வேலை போனது, யுனைடெட் ஏழாவது இடத்தில் முடித்தது. வெங்கர் போனபின் எமெரி ஆர்சனலில் ஒன்றரை வருஷம்தான் தாங்கினார். 2024 ஜனவரி 26-ல் க்ளாப் போகிறேன் என்று அறிவித்தபோது அழாத லிவர்பூல் ரசிகன் உண்டா? இனி பத்து வருஷம் இருட்டுதான் என்று இதே குரூப்பில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஃபெயனூர்டிலிருந்து வந்த ஒரு மொட்டைத்தலை டச்சுக்காரர், இங்கிலாந்தில் ஒரு நாள் வேலை பார்க்காதவர், முதல் வருஷத்திலேயே டைட்டிலை எடுத்துக் கொடுத்தார். பிரீமியர் லீக் ஜெயித்த முதல் டச்சு மேனேஜர் அவர்தான். எடுத்துக் கொடுத்த மறுநாள் இதே ஆட்கள், இது யார் வந்தாலும் நடந்திருக்கும் என்கிறார்கள்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் க்ளாப்புக்கு எதிரி இல்லை. அவர் கொடுத்த சந்தோஷத்துக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன். 2024 மே 19, கடைசி ஆட்டம் முடிந்து ஆன்ஃபீல்டு நடுவில் நின்று மைக்கைப் பிடித்து, இன்னும் வந்தே சேராத ஸ்லாட் பெயரைச் சொல்லிப் பாடியவர் க்ளாப். டைட்டில் ஜெயித்த அன்று அதே புல்தரையில் மைக்கை வாங்கி, க்ளாப் பெயரைப் பாடியவர் ஸ்லாட். ஸ்லாட் ஒரு மேடையிலும் ‘எல்லாம் நான்தான்’ என்று மார்தட்டவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லாத பங்காளிச் சண்டையை இவர்கள் எதற்கு இழுத்துவிடுகிறார்கள்?

வெளி ஆட்களைக்கூட விட்டுவிடலாம். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன் வயிறெரிந்து பேசுகிறான், லீக் டைட்டில் எண்ணிக்கை 20-க்கு 20 ஆகிவிட்டதே என்ற ஆற்றாமை, புரிகிறது. நம்ம ஆட்கள்! அவர்கள் பண்ணியதைத்தான் தாங்க முடியவில்லை. டேபிளில் பத்துப் புள்ளிக்கு மேல் முன்னால் இருக்கும்போதே குறை, குறை, குறை. நூன்யெஸ் அதை விட்டான், டிரென்ட் பின்னால் ஓடவில்லை, ஸ்லாட் ஏன் எண்டோவை முன்னாடியே இறக்கவில்லை. மார்ச்சில் ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீகில் பாரிஸ் டீம் பிஎஸ்ஜியோடு ஆட்டம், நம் நேரப்படி ராத்திரி ஒன்றரைக்கு ஆரம்பித்து, எக்ஸ்ட்ரா டைம் போய், பெனால்ட்டியில் நூன்யெஸும் கர்டிஸ் ஜோன்ஸும் அடித்ததை டொனரும்மா தடுத்து, தோற்று முடிக்கும்போது விடியற்காலை நாலு தாண்டிவிட்டது. தூக்கம் இல்லை, மனசு கனத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன், அந்த நேரத்தில் நம்ம ஆள் ஒருத்தன் எழுதுகிறான், “ஸ்லாட்டுக்குப் பெரிய மேட்ச் தெரியாது.” அந்த பிஎஸ்ஜிதான் மே மாசம் ஃபைனலில் இன்டரை 5-0 அடித்துக் கோப்பையைத் தூக்கியது. அப்போது அந்த ஆள் ஒரு வார்த்தை எழுதவில்லை. நியூகாஸிலிடம் லீக் கப் ஃபைனல் தோற்றதும் இதே பாட்டு. லீக்கில் மலைபோல முன்னிலை, அதைக் கொண்டாட ஒரு வாரம்கூட விடவில்லை.

கொண்டாட்டம் என்று நான் சொல்வது சும்மா இல்லை. 1990-க்குப் பிறகு முப்பது வருஷம் காத்திருந்து 2020-ல் லீக் ஜெயித்தோம். என்ன கிடைத்தது? கொரோனா. காலி நாற்காலிகளுக்கு முன்னால் கோப்பையைத் தூக்கினார்கள். லிவர்பூல் ஊர்க்காரன், தலைமுறை தலைமுறையாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவன், வீட்டில் டிவியில் பார்த்தான். அவனுக்கு நேரில் கத்த, அழ, பக்கத்தில் நிற்பவனைக் கட்டிப்பிடிக்கக் கிடைத்த நாள் 2025 ஏப்ரல் 27. டாட்டன்ஹமுக்கு எதிராக ஒரு டிரா போதும். சொலாங்கே முதல் கோல் போட்டுவிட்டான். அப்புறம் டியாஸ், மக்காலிஸ்டர், கக்போ, சலா என்று வந்துகொண்டே இருந்தது, 5-1. சலா கோல் போட்டுவிட்டு நேராக காப் ஸ்டாண்டை நோக்கி ஓடி, ஒரு போனை வாங்கி ரசிகர்களோடு செல்ஃபி எடுத்தார். அந்த சீசனில் லீக்கில் மட்டும் 29 கோல், 18 அசிஸ்ட். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டும் ஒருத்தனுக்கு ‘இது க்ளாப் டீம்’ என்றுதான் தோன்றுகிறது என்றால், அவன் கால்பந்தை எதற்குப் பார்க்கிறான்?

அந்த டீம் இனி ஒன்றாக ஆடப்போவதில்லை. டிரென்ட் ரியல் மாட்ரிட் போய்விட்டான், டியாஸ் பயர்ன் போய்விட்டான், நூன்யெஸ் சவூதிக்கு. 2025 ஜூலை 3-ஆம் தேதி ஜோட்டாவும் அவர் தம்பியும் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்துபோனார்கள். கல்யாணம் ஆகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஸ்லாட் காலத்தின் முதல் லீக் கோலை இப்ஸ்விச்சில் போட்டவர் அவர். ஏப்ரலில் உள்ளூர் மோதலில் எவர்ட்டனை 1-0 என்று ஜெயித்த கோலும் அவருடையது. டைட்டில் எண் இருபது, அவர் சட்டை எண்ணும் இருபது. அந்த எண்ணை இனி யாரும் போடப்போவதில்லை என்று கிளப் எடுத்து வைத்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அந்த சீசனை எடுத்து, ‘மற்றவன் சொதப்பினான், யாரோ சமைத்தது’ என்று பேச எப்படி மனசு வருகிறது? அந்த டீமில் ஆடியவர்கள் ஓடி வாங்கிய கோப்பை அது. அது அவர்களுடையது, அவர்களை நிறுத்தி ஆடவைத்த மேனேஜருடையது.

ஸ்லாட்டை இன்றைக்குத் திட்ட வேண்டுமா, தாராளமாகத் திட்டுங்கள். 2025-26-ல் கார்னரிலும் லாங் பாலிலும் கோல் வாங்கிக்கொண்டே இருந்ததற்குத் திட்டுங்கள், ஆள் மாற்றியதற்குத் திட்டுங்கள், கடைசி நிமிஷத்தில் புள்ளியைக் கோட்டைவிட்டதற்குத் திட்டுங்கள். நானும் கூட உட்கார்ந்து திட்டுகிறேன். 2024-25 மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.