தானம் கொடுக்க வேண்டிய நாளில் எதற்கு இந்தத் தங்க வெறி?

சித்திரை பிறந்துவிட்டால் போதும், டிவியைப் போட்டாலும் பேப்பரைப் பிரித்தாலும் அட்சய திருதியைதான். முன்பதிவுக்குத் தள்ளுபடி, விடியற்காலையிலேயே கடை திறப்பு, எத்தனை மணிக்குள் வாங்கினால் செல்வம் பெருகும் என்று ஜோசியரை உட்காரவைத்து ஒரு நிகழ்ச்சி, அதற்கு விளம்பரம் கொடுப்பது யாரென்று பார்த்தால் நகைக்கடை. சகிக்கவில்லை.

எங்கள் பாட்டி காலத்தில் இந்த நாளுக்கென்று யார் நகைக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள்? அது தானம் கொடுக்கிற நாள். வெயில் கொளுத்துகிற நேரம் என்பதால் நீர்மோர், பானகம், தயிர்சாதம், விசிறி, குடை, செருப்பு என்று இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். இந்த நாளுக்குச் சொல்லும் கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குசேலர் கண்ணனைப் பார்க்கக் கொண்டுபோனது ஒரு பிடி அவல். வனவாசத்தில் பாண்டவர்களுக்குச் சூரியன் கொடுத்த அட்சய பாத்திரத்தில் வந்தது சோறு, அதையும் வந்தவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில்தான் திரௌபதி சாப்பிட்டாள். சமணர்களும் இதே நாளில்தான், நெடுநாள் பட்டினி கிடந்த தங்கள் முதல் குருவான ரிஷபதேவருக்கு ஒருவர் கரும்புச்சாறு கொடுத்ததை நினைத்து நோன்பை முடிக்கிறார்கள். இதில் நகைக்கடைக்கு என்ன வேலை?

வசதி இருக்கிறவர்கள் வாங்கிவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவின் தோடு மாதக்கணக்கில் அடகில் கிடக்கிறது, வட்டி ஏறிக்கொண்டே போகிறது, அப்படியிருந்தும் அவர் கைமாற்று வாங்கிக்கொண்டு போய் அரை கிராம் காசு வாங்கி வந்திருக்கிறார். ஏன்க்கா இப்படி என்றால், "இன்னைக்குக் குந்துமணி தங்கமாவது வாங்கலைன்னா வருஷம் பூரா கையில காசு தங்காதாமே தம்பி" என்கிறார். அந்தப் பணத்தை வட்டியில் கட்டியிருந்தால் தோடாவது கொஞ்சம் சீக்கிரம் காதுக்கு வந்திருக்கும். வயிறு எரிகிறது.

கணக்காவது போட்டுப் பார்க்கிறோமா? 2025 அட்சய திருதியை அன்று சவரன் 70 ஆயிரத்தைத் தாண்டி நின்றது. 70 ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். சேதாரம் 10 சதவீதம் என்றால் 7,000 ரூபாய், அப்புறம் மொத்தத்துக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 2,310. ஆக, கடைப் படியை விட்டு இறங்குவதற்குள் 9,310 ரூபாய் காலி, மறுநாளே ஆஸ்பத்திரிச் செலவு என்று விற்கப் போனால் இதில் ஒரு பைசா திரும்பாது. இதற்குப் பெயர் செல்வம் பெருகுவதா? பெருகுகிறது, கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு.

கும்பகோணத்தில் அன்றைக்குப் பெரிய கடைத் தெருவில் ஊர்ப் பெருமாள்களெல்லாம் வரிசையாகக் கருட வாகனத்தில் எழுந்தருளுகிறார்கள், அதைக் காட்டுங்கள். எந்த ஊரில் யார் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஜோசியரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், என்ன தானம் கொடுக்கலாம் என்று கேளுங்கள். அரை கிராம் வாங்காவிட்டால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்று அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பயமுறுத்துவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.