ஓசார்க் மலையும் மினசோட்டாவின் பேச்சும்

அமெரிக்கத் திரைப்படங்கள் நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலஸையும் தாண்டுவதில்லை என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 2010-இல் வெளிவந்த 'வின்டர்ஸ் போன்' படத்தை இயக்கிய டெப்ரா கிரானிக், மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதிக்கே சென்று படம்பிடித்ததோடு, அங்கு வாழும் மக்கள் சிலரையும் அதில் நடிக்க வைத்தார். காணாமற்போன தந்தையைத் தேடி உறவினர் வீடுகளின் வாசல்தோறும் நிற்கும் பதினேழு வயதுப் பெண், பிறர் தாமாக முன்வந்து தரவேண்டியதை ஒருபோதும் கேட்டுப் பெறக்கூடாது என்று தன் தம்பிக்குச் சொல்லும்போது, அம்மலை மக்களின் வறுமையைவிட அவர்களுடைய தன்மானமே என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஒரு வீட்டுக் கூடத்தில் உறவினரும் அயலாரும் கூடி இசைக்கும் காட்சியில் பாடுபவரும் அப்பகுதிப் பாடகியே. அந்தச் சில நிமிடங்களுக்காகவே இப்படத்தை நான் மீண்டும் பார்த்தேன்.

வட அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் பிறந்து வளர்ந்த இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் 1996-இல் எடுத்த 'ஃபார்கோ' படமும் இவ்வகையைச் சேர்ந்ததே. வட ஐரோப்பாவின் ஸ்காண்டினேவியாவிலிருந்து குடியேறியோரின் சாயல் படிந்த அம்மாநிலப் பேச்சையும், கடுங்குளிரிலும் குறையாத பணிவையும் அது உன்னிப்பாகக் காட்டுகிறது. எனினும் அப்பேச்சு மிகைப்படுத்தப்பட்டதாக மினசோட்டாவினர் சிலர் குறைப்பட்டதுண்டு. அந்த மனக்குறையையும் கட்டுரையாளர் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.