ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு டயாலிசிஸ் முடிந்ததும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, லிஃப்டில் மருத்துவமனையின் கீழ்த்தளப் பார்க்கிங்குக்கு அழைத்து வந்தேன். நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வருகிறவருக்கு நிமிர்ந்து உட்காரக்கூடத் தெம்பு இருக்காது. அவரை ஏற்ற இடது பக்கப் பின் கதவைத் திறந்தேன். பாதிதான் திறந்தது. கதவின் கீழ்ப்பகுதி ஒடுங்கிப் போயிருந்தது. அங்கிருந்து பின் பம்பர் வரைக்கும் ஒரு முழத்துக்குக் கீறல். கீறலில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. என் வண்டி சாம்பல் நிறம்.

நாற்காலியை அந்தப் பக்கம் சுற்றிக் கொண்டுபோய் வலது கதவு வழியாக அப்பாவை ஏற்றினேன். "எவனோ அவசரத்துல இடிச்சிருப்பான், விடுப்பா" என்றார். அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு மாலையில் திரும்பவும் போனேன். காலையில் இருந்த வாட்ச்மேன் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டார். கேமரா வாசலில்தான் இருக்கிறது. என் வண்டி நின்ற இடத்தைப் பார்க்க உள்ளே கேமராவே இல்லை. அன்று காலை வாசல் வழியாகப் போன வெள்ளை கார்களை எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டேன். திருச்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை கார்தான்.

டிங்கரிங், பட்டி, பெயின்டிங் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் ஆனது. வண்டி மூன்று நாள் ஒர்க்ஷாப்பில் நின்றதால் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் போனோம். குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவுக்கு வாந்தி வந்துவிட்டது. பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

"இன்சூரன்ஸ் இருக்கே, கிளெய்ம் பண்ண வேண்டியதுதானே?" என்று அலுவலகத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவேளை இடித்தவரும் இப்படி நினைத்துத்தான் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாரோ என்னவோ. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. அதுதான் நோ கிளெய்ம் போனஸ். ஒரே ஒரு கிளெய்ம் செய்தாலும் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யமாகிவிடும். பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு படியாக ஏறி மறுபடியும் 50-க்கு வர வேண்டும். தள்ளுபடி இல்லாமல் அந்தப் பிரீமியம் எனக்குச் சுமார் 9,000 ரூபாய். அது அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிளெய்மால் ஐந்து வருடத்தில் நான் இழப்பது 11,250 ரூபாய். போதாததற்கு, எந்தக் கிளெய்மிலும் குறைந்தது முதல் 1,000 ரூபாய் நம் கையில் இருந்துதான் போகும். பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினால், ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) எடுக்காதவர்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஆக, 7,500 ரூபாய் வேலைக்கு இன்சூரன்ஸ் கேட்டால் எனக்குத்தான் நஷ்டம். கையில் இருந்துதான் கொடுத்தேன். அந்த மாதம் அந்தப் பணம் அப்பாவின் ஊசி மருந்துக்கு வைத்திருந்தது.

சரி, இடித்தவருடைய இன்சூரன்ஸ்? மூன்றாம் நபர் காப்பீடு எல்லா வண்டிக்கும் கட்டாயம். கார் பாலிசியில் மற்றவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை இடமும் இருக்கிறது. ஆனால் அதை வாங்க வண்டி எண் தெரிய வேண்டும், போலீசில் புகார் கொடுக்க வேண்டும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். ஏழாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? வண்டி எண் தெரிந்தாலும், வண்டி விவரம் பார்க்கும் அரசின் எம்பரிவாகன் செயலியில் உரிமையாளர் பெயரை நட்சத்திரக்குறி போட்டு மறைத்துத்தான் காட்டுகிறது, போன் நம்பர் கிடையாது. இந்த மாதிரிச் சின்ன மோதலில் நஷ்டம் ஈடாவதற்கு நடைமுறையில் இருப்பது ஒரே வழிதான். இடித்தவர் தானாக "நான்தான்" என்று சொல்ல வேண்டும்.

ரத்தம் வந்தால்தான் ஆக்சிடென்ட் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. மற்றவர் சொத்துக்குச் சேதம் ஆனாலும் அது பொருந்தும். அங்கே போலீஸ் இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் பெயர், முகவரி கொடுக்க வேண்டும் என்று 132-ஆம் பிரிவில் இருக்கிறது. கடமையை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடினார்களே, பத்து வருடச் சிறை பற்றி, அது உயிரிழப்பு நேர்ந்த விபத்தில் சொல்லாமல் ஓடுவதற்கானது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் தங்கை மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே கண்ணாடியில் சீட்டு வைத்துவிட்டுப் போனால்கூடப் போதாதாம். உரிமையாளருக்காக நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இங்கே அந்தச் சீட்டையாவது எதிர்பார்க்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோது பழைய சம்பவம் ஒன்று மனதை அறுக்க ஆரம்பித்தது. எட்டு வருடம் இருக்கும். உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மைக்கில் அறிவித்தார்கள், சிவப்பு கார் உரிமையாளர் உடனே வாசலுக்கு வரவும் என்று. அது என் மச்சானுடைய கார். போய்ப் பார்த்தால், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஆக்டிங் டிரைவராக வந்த ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "சார், ரிவர்ஸ் எடுக்கும்போது பட்டுடுச்சு. நான்தான் மைக்ல சொல்லச் சொன்னேன்" என்றான். யாரும் பார்க்கவில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

நாங்கள் என்ன செய்தோம்? பத்துப் பேர் சுற்றி நின்றோம். பெரியப்பா ஒருவர் அவன் கையில் இருந்த சாவியைப் பிடுங்கினார். "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று ஒருவர் தோளில் கை வைத்துத் தள்ளினார். அவன் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சி 5,000 ரூபாய் வரவழைத்துக் கொடுத்தான். அவனுக்கு ஒரு வாரச் சம்பளமாவது இருக்கும். மச்சான் அந்த வேலையை 1,800 ரூபாயில் முடித்தார். மீதியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று நானும் சொல்லவில்லை. நானும் அந்த வட்டத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

அடுத்த முறை அந்தப் பையன் கை வைத்த வண்டி எங்கேயாவது உரசியிருந்தால், மைக் இருக்கும் பக்கம் போயிருப்பானா?

நம் ஊரில் இடித்தவர்கள் நிற்காததற்கு இந்தக் கூட்டப் பயம் பெரிய காரணம். சட்டத்துக்கே இது தெரியும். காயம்பட்டவருக்கு உதவுவது பற்றிச் சொல்லும் அதே 134-ஆம் பிரிவு, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் என்று ஒரு விலக்கை எழுதியே வைத்திருக்கிறது. அடி விழும் என்றால் அந்த இடத்தை விட்டு விலகு, ஆனால் ஸ்டேஷனில் போய்ச் சொல் என்பதுதான் அதன் பொருள். இந்தப் பயத்தை நான் மறுக்கவில்லை. அதை வளர்த்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஆளில்லாமல் நின்ற வண்டியைச் சுற்றி எந்தக் கூட்டமும் இல்லை. சாவியைப் பிடுங்க யாரும் இல்லை. மருத்துவமனைக்கு வந்தவர் கையில் ஒரு மருந்துச் சீட்டாவது இருந்திருக்கும். அதன் பின்பக்கத்தில் பெயர், போன் நம்பர், "உங்கள் வண்டியில் என் வண்டி பட்டுவிட்டது" என்று ஒரு வரி எழுதி வைப்பரில் செருகியிருக்கலாம். காற்றில் போய்விடும் என்று தோன்றினால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை. பின்னால் யாராவது கூட்டிக் கேட்பார்களோ என்று பயந்தால், கீறலை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. அதுவும் ஒரு மருத்துவமனையில். அங்கே நிற்கும் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு நோயாளி இருப்பார் என்பது அங்கே வந்தவருக்குத் தெரியாமல் இருக்காது.

இடிபட்டவர்கள் பக்கமும் ஒன்று கேட்கிறேன். யாராவது வந்து "நான்தான் இடிச்சேன்" என்று சொன்னால், முதலில் அவரை உட்கார வையுங்கள். பழக்கமான டிங்கரிடம் போட்டோ அனுப்பி எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அதை மட்டும் வாங்குங்கள். சுற்றி நிற்கிற சொந்தக்காரர்களை முதலில் உள்ளே அனுப்புங்கள்.

அந்த வெள்ளை கார்க்காரர் கண்ணில் இந்தப் பதிவு படலாம், படாமலும் போகலாம். அப்பாவுக்கு டயாலிசிஸ் இன்னும் தொடர்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணியிலிருந்து என் வண்டி அதே பார்க்கிங்கில், அதே தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். முன் கண்ணாடியில் என் போன் நம்பரை இப்போது எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒர்க்ஷாப் பில் டேஷ்போர்டில் இருக்கிறது. 7,500-க்கு மேல் ஒரு ரூபாய் கேட்கமாட்டேன். நான் தனியாகத்தான் வருவேன்.